பத்துப் பிள்ளைகளுக்கு எதற்குப் பள்ளிக்கூடம்?

மலைக்கிராமத்துப் பள்ளி ஒன்று பழுதடைந்து கிடக்கிறது என்று பேச்சு எழுந்தால் முதலில் வருகிற கேள்வி, "அங்க எத்தனை பிள்ளைங்க படிக்கிறாங்க?" என்பதுதான். பன்னிரண்டு, பதினெட்டு என்று பதில் வந்ததும் பேச்சு முடிந்துவிடுகிறது. இத்தனை பேருக்காகவா இருபது லட்சம் செலவழிப்பது? வேன் வைத்துக் கீழே இருக்கும் பெரிய பள்ளிக்கு அனுப்பிவிடலாம், இல்லையென்றால் விடுதியில் சேர்த்துவிடலாம். அங்கே ஸ்மார்ட் வகுப்பறை இருக்கிறது, வகுப்புக்கு ஓர் ஆசிரியர் இருக்கிறார், பிள்ளைகளுக்கும் அதுதானே நல்லது என்கிறார்கள். அரசு அலுவலகக் கூட்டங்களில் கேட்கிற இந்த வாதத்தை இப்போது படித்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். சிக்கனமாகவும் அக்கறையாகவும் தோன்றுவதால் இதை எதிர்த்துப் பேசுகிறவர்களைப் பழமைவாதிகளாகப் பார்க்கிறார்கள். ஆனால் இந்த வாதத்தின் ஒவ்வொரு படியும் தவறானது என்பதே என் நிலைப்பாடு.

எண்ணிக்கையிலிருந்தே தொடங்குகிறேன். பிள்ளைகள் குறைந்ததால் பள்ளி கவனிப்பாரற்றுப் போனது என்கிறார்கள். மலைப்பள்ளி ஒன்று தேய்ந்துபோகும் வழியைப் படிப்படியாகப் பார்த்தால் வரிசை வேறு விதமாக இருக்கும். முதலில் தளம் ஒழுகும். தலைமையாசிரியர் கடிதம் எழுதுவார், யூனியன் அலுவலகத்திலிருந்து இளநிலைப் பொறியாளர் வந்து பார்ப்பார், அந்த அறையைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போவார். ஐந்து வகுப்பும் ஒரே அறையிலோ தாழ்வாரத்திலோ உட்காரும். இரண்டு ஆசிரியர்களில் ஒருவர் மாற்றுப்பணியில் கீழே போய்விடுவார். ஓரளவு வசதியுள்ள குடும்பம் பிள்ளையை அடிவாரத்து உறவினர் வீட்டில் விட்டுப் படிக்க வைக்கும். மறு ஆண்டு வருகைப் பதிவேட்டில் ஆறு பெயர் குறையும். அப்போதுதான் மேலிடத்தில் யாரோ ஒருவர் அந்தப் பதிவேட்டைப் பார்த்து, பிள்ளைகளே இல்லையே என்று சொல்வார். பழுது விளைவித்த குறையையே பழுதைச் சரிசெய்யாமல் இருப்பதற்குக் காரணமாகக் காட்டுகிறோம்.

பிறப்பு விகிதம் குறைந்திருக்கிறது, பிழைப்புக்காக வெளியேறும் குடும்பங்கள் இருக்கின்றன என்பதை மறுக்கவில்லை. மாணவர் சேர்க்கை ஒன்றுகூட இல்லாததால் தமிழ்நாட்டில் இருநூறுக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகள் மூடப்பட்ட செய்தி 2025இல் வந்தது. பிள்ளையே இல்லாத ஊரில் பள்ளி நடத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பிள்ளைகள் இருக்கும் ஊரைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம்.

இந்தச் சரிவுக்கு நிதி விதிகளும் துணைபோகின்றன. ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவில் பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் ஒரு கூட்டு மானியம் வருகிறது. மாணவர் எண்ணிக்கை முப்பது வரை இருந்தால் 10,000 ரூபாய், நூறு வரை 25,000, இருநூற்றைம்பது வரை 50,000 என்று அது மேலே போகிறது. சாக்பீஸ், பதிவேடு, மின்கட்டணம், குடிநீர், கட்டடப் பராமரிப்பு எல்லாமே அந்தத் தொகைக்குள்தான். அதிலும் பத்தில் ஒரு பங்கைத் தூய்மைப் பணிக்கு ஒதுக்க வேண்டும். பதினைந்து பிள்ளைகள் படிக்கிற இரண்டு அறைக் கட்டடத்தின் தளமும், அறுபது பிள்ளைகள் படிக்கிற இரண்டு அறைக் கட்டடத்தின் தளமும் ஒரே பரப்புதான், இரண்டிலும் ஒரே மழைதான் விழுகிறது. மலைக்கு மணலும் சிமெண்டும் கொண்டுசேர்க்கும் கூலியைப் பார்த்தால் முதல் பள்ளிக்குத்தான் செலவு அதிகம். பணம் குறைவாகக் கிடைப்பதும் அந்தப் பள்ளிக்குத்தான்.

பழுது என்றால் என்ன என்பதையும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கட்டடம் பழசாகிவிட்டது, இடிந்துதானே தீரும் என்று ஏதோ வயோதிகத்தைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுகிறோம். கான்கிரீட் தளம் அப்படித் தானாகச் சாவதில்லை. மேல்தளத்தில் தண்ணீர் வடியும் குழாய் வாயில் இலையும் சருகும் அடைத்துக்கொள்ளும். பறவை எச்சத்தில் விழுந்த அரச விதை கைப்பிடிச் சுவர் ஓரத்தில் முளைத்து வேரை உள்ளே விடும். தேங்கிய நீர் மெல்ல இறங்கிக் கம்பியைத் தொடும். துருப்பிடித்த இரும்பு, தான் இருந்த இடத்தைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த அழுத்தத்தில் அடிப்பக்கத்துக் காரை வெடித்து, முதலில் மண்போல உதிர்ந்து, பிறகு சில்லு சில்லாகப் பெயர்ந்து விழும். மேகம் படியும் மலைகளில் ஈரம் காயவே காயாது என்பதால் இது இன்னும் விரைவாக நடக்கும். ஓட்டுக்கூரைப் பள்ளிகளில் கதை வேறு. உடைந்த ஓட்டை மாற்ற ஆளில்லாமல் நாட்டுமரச் சட்டம் நனைந்து நனைந்து உளுத்துப்போகும். இரண்டிலுமே முதல் ஓரிரு ஆண்டுகளில் கவனித்திருந்தால் குழாயைச் சுத்தம் செய்வது, செடியைப் பிடுங்குவது, தட்டோடு பதித்து விரிசலைப் பூசுவது, நாலு ஓடு மாற்றுவது என்று சில ஆயிரங்களில் முடிந்திருக்கும். துரு ஏறிய பிறகும்கூட, பெயர்ந்த காரையைச் செதுக்கி எடுத்து, கம்பியைத் தேய்த்துத் துருத்தடுப்புப் பூசி, மறுபடி கலவை போட்டுப் பல ஆண்டுகள் காப்பாற்ற முடியும். இருபது லட்சம் என்ற மதிப்பீடு இதையெல்லாம் செய்யாமல் விட்டுச் சேர்த்த தொகை. அதைக் காட்டி அந்த ஊரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை.

அடுத்தது வேன். கல்வி உரிமைச் சட்டம் 2009இல் வந்தது. அதன்படி வகுத்த விதிகள் ஒன்று முதல் ஐந்து வரையான வகுப்புகளுக்கு ஒரு கிலோமீட்டர் நடைதூரத்துக்குள்ளும், ஆறு முதல் எட்டு வரை மூன்று கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும் என்கின்றன. மத்திய அரசின் 2010ஆம் ஆண்டு விதிகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. நிலச்சரிவு, வெள்ளம், சாலை இல்லாமை போன்ற ஆபத்துள்ள இடங்களில் இந்தத் தூரத்தை மேலும் குறைத்துப் பள்ளி அமைக்க வேண்டும் என்பது அங்கே எழுதப்பட்டிருக்கிறது. மலைக்குத் தளர்த்திக்கொள்ளலாம் என்று சட்டம் சொல்லவில்லை. மலைக்கு இறுக்கச் சொல்கிறது. 2025இல் உத்தரப் பிரதேச அரசு மாணவர் எண்ணிக்கை குறைந்த பள்ளிகளை ஒன்றோடொன்று இணைக்க முற்பட்டபோது பெற்றோரும் ஆசிரியர்களும் தெருவுக்கு வந்தார்கள். ஒரு கிலோமீட்டருக்கு மேல் தூரம் இருந்தால் இணைப்பு இல்லை என்று கடைசியில் அந்த அரசே சொல்ல வேண்டியதாயிற்று.

வேன் மலிவு என்கிற கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். தொலைதூரக் குடியிருப்புகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்கான போக்குவரத்துக்கு சமக்ர சிக்ஷா ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் வரை தருகிறது. இருபது பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு 1,20,000. பத்து ஆண்டுகளில் 12 லட்சம். அந்தப் பணத்தில் அந்த ஊரில் ஒரு செங்கல்கூட மிஞ்சாது. பதினோராம் ஆண்டும் அதே தொகை கேட்கும். மழையில் பாதை அறுந்த அன்றைக்கு வேன் வராது. வேன் வராத நாட்கள் கூடக்கூட முதலில் நின்றுபோவது பெண்பிள்ளைதான். தம்பியைப் பார்த்துக்கொள்ள, தண்ணீர் எடுக்க, ஆடு ஓட்ட வீட்டில் ஒரு கை வேண்டும் என்று ஏற்கெனவே காத்திருக்கும் காரணங்களுக்கு நாமே வலுச்சேர்க்கிறோம். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 விழுக்காடு. பழங்குடியினரிடையே 54 விழுக்காடுதான், பழங்குடிப் பெண்களிடையே 47 விழுக்காட்டுக்கும் கீழே என்று சொல்ல வேண்டியிருக்கிற மாநிலம் இது. நூற்றுக்கு ஐம்பது பழங்குடிப் பெண்களைக்கூட எழுத்து சென்றடையவில்லை. இந்தப் பள்ளத்தை வைத்துக்கொண்டு, நடந்து போகிற தூரத்தில் இருக்கும் ஒரே பள்ளியை மூடலாமா என்று விவாதிக்கிறோம்.

தலைக்கணக்கு பார்க்காமல் அரசால் இயங்க முடியுமா என்று கேட்பவர்களுக்குத் தேர்தலை நினைவூட்டுகிறேன். வாக்காளர் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டியிருக்கக் கூடாது என்பது தேர்தல் ஆணையத்தின் நெறி. அருணாசலப் பிரதேசத்தின் மலோகத்தில் 2019, 2024 இரண்டு தேர்தல்களிலும் ஒரே ஒரு பெண் வாக்காளருக்காக அலுவலர் குழு காட்டு வழியே நடந்துபோய்ச் சாவடி அமைத்தது. நாமக்கல் மாவட்டத்துப் போதமலைக்குத் தேர்தலுக்குத் தேர்தல் வாக்கு இயந்திரங்கள் தலைச்சுமையாகப் போனதைப் படங்களில் பார்த்திருக்கிறோம். இதைப் பார்த்து யாரும் வீண்செலவு என்று சொல்லவில்லை, பெருமைப்பட்டோம். பெருமைப்பட வேண்டியதுதான். அந்தச் சாவடிகள் பெரும்பாலும் அமைவது பள்ளிக்கூடத்தில். வாக்குப்பதிவு நாளுக்கு முன் அங்கே சாய்தளம் இருக்கிறதா, தண்ணீர் இருக்கிறதா, விளக்கு எரிகிறதா, கழிப்பறை இருக்கிறதா என்று அலுவலர்கள் வந்து பார்க்கிறார்கள். ஒரு குடிமகளின் வாக்குக்கு விலை வைக்காத அரசு, அவளுடைய மகளின் படிப்புக்கு மட்டும் தலைக்கு இவ்வளவு என்று எப்படிக் கணக்குப் பார்க்கிறது?

விடுதி வாதம் வேன் வாதத்தைவிடக் கனமானது. மேல்வகுப்புக்கு விடுதி வேண்டும். அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. கல்வராயன் மலையிலும் ஜவ்வாது மலையிலும் கொல்லிமலையிலும் முதல் தலைமுறையாகப் படித்து வேலைக்குப் போனவர்களில் பலர் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் படித்தவர்கள்தான். மாநிலத்தில் அத்தகைய பள்ளிகள் முந்நூறுக்கும் மேல் இருக்கின்றன. ஆனால் அவற்றில் பலவற்றின் கட்டடங்களே சீரமைப்புக்காகக் காத்திருப்பவை. பகலில் வகுப்பறையாக இருக்கும் இடத்தில் இரவில் பாய் விரித்துப் படுக்கும் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். ஒரு பழுதான கட்டடத்திலிருந்து இன்னொரு பழுதான கட்டடத்துக்குப் பிள்ளையை மாற்றுவதைத் தீர்வு என்று சொல்ல முடியாது. அதுவும் ஆறு வயதுப் பிள்ளையை. நம் வீட்டு ஒன்றாம் வகுப்புப் பிள்ளையை விடுதியில் விட மனம் வராத நாம், மலைக்காரர்களுக்கு மட்டும் அதைப் பரிந்துரைக்கிறோம்.

ஊர்ப் பள்ளியைச் சீரமைக்காமல் விடுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குக் கனடாவின் அட்டவாபிஸ்கட் ஒரு சாட்சி. ஒன்டாரியோ மாகாணத்தின் வடக்கே, ஜேம்ஸ் விரிகுடாவை ஒட்டிய கிரீ பழங்குடி ஊர் அது. 1979இல் அந்த ஊர்ப் பள்ளிக்கடியில் டீசல் கசிந்து மண்ணில் ஊறியது. பிள்ளைகளும் ஆசிரியர்களும் தலைவலி, குமட்டல் என்று ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2000இல்தான் பள்ளியை மூடினார்கள். அதற்குப் பிறகு தற்காலிகம் என்று சொல்லித் தகரப்பெட்டிபோன்ற கூடங்களில் வகுப்புகள் நடந்தன. உறைபனியில் ஒரு கூடத்திலிருந்து இன்னொன்றுக்கு நடந்து நடந்தே ஒரு தலைமுறை படித்தது. புதுப்பள்ளிக்குப் பணமில்லை என்று அந்நாட்டு மத்திய அரசு கையை விரித்தபோது அந்த ஊர்ப் பிள்ளைகள் நாடு முழுவதுமிருந்த மாணவர்களைக் கடிதம் எழுத வைத்தார்கள். அதை முன்னின்று நடத்தியவர் ஷானன் கூஸ்டாச்சின் என்ற சிறுமி. நல்ல உயர்நிலைப் பள்ளிக்காக ஊரைவிட்டு வெகுதூரம் போக வேண்டியிருந்தது அவருக்கு. அங்கே இருந்தபோதே 2010இல் ஒரு சாலை விபத்தில் இறந்துபோனார். அப்போது வயது 15. 2012இல் பழங்குடிப் பிள்ளைகளின் கல்விக்காக அவர் பெயரால் வந்த தீர்மானத்தை நாடாளுமன்றம் ஒருமனதாக ஏற்றது. ஊருக்குப் புதுப்பள்ளி வந்தது 2014இல். பணக்கார நாட்டிலும் பதினான்கு ஆண்டுகள் "தற்காலிகம்" நீடித்தது. நம் ஊரில் இடிக்கப்பட்ட வகுப்பறைக்குப் பதிலாகச் சமுதாயக் கூடத்திலும் கோயில் மண்டபத்திலும் தற்காலிகமாக உட்காரவைக்கப்பட்ட பிள்ளைகளை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

"கட்டடமா சொல்லிக்கொடுக்குது? வாத்தியார் நல்லா இருந்தா மரத்தடியே போதும். காமராசர் காலத்துல நாங்க அப்படித்தான் படிச்சோம்" என்று ஒரு பதில் வரும். படித்து முன்னேறியவர்களின் நெகிழ்ச்சி அது, மதிக்கிறேன். ஆனால் காமராசர் பெயரை அதற்குச் சாட்சியாக இழுப்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. அவர் முதலமைச்சராக இருந்தபோது பொதுக்கல்வி இயக்குநராக இருந்தவர் நெ. து. சுந்தரவடிவேலு. மதிய உணவுத் திட்டத்தோடு அவர்கள் இருவரும் 1958 முதல் நடத்திய இன்னொரு பேரியக்கம் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள். ஊர் ஊராக மாநாடு கூட்டி, பள்ளிக்கு என்னென்ன இல்லை என்று பட்டியல் போட்டு, இடம், கட்டடம், பெஞ்சு, கரும்பலகை, தண்ணீர்ப் பானை வரை ஊராரைக் கொண்டே கொடுக்க வைத்தார்கள். மரத்தடி போதும் என்று அவர்கள் நினைத்திருந்தால் அந்த உழைப்பு எதற்கு? மரத்தடியிலிருந்து பிள்ளைகளைக் கூரைக்குள் கொண்டுவரத்தான் அந்தத் தலைமுறை பாடுபட்டது.

மரத்தடியில் கல் விழாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பழுதான கூரைக்கடியில் விழும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக் கீற்றுக்கூரையில் பற்றிய தீயில் 94 பிள்ளைகள் கருகினார்கள். அதையொட்டித் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றம், பாதுகாப்பான பள்ளியில் படிப்பதும் கல்வி உரிமைக்குள் அடங்கும் என்று தீர்ப்புச் சொன்னது. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். 2025 ஜூலை 25 அன்று ராஜஸ்தானின் ஜாலாவார் மாவட்டத்துப் பிப்லோதி கிராமத்தில் அரசுப் பள்ளியின் கூரை விழுந்து ஏழு பிள்ளைகள் மாண்டார்கள். காலையில் பள்ளிக்கு வந்து சேர்ந்த நேரம் அது. பழுதடைந்த பள்ளிகள் என்று அந்த மாவட்டம் தொகுத்த பட்டியலில் அந்தப் பள்ளியின் பெயரே இல்லை. நகரத்துப் பள்ளியில் சுவர் விரிசல் விட்டால் படம் எடுத்து வெளியிடப் பெற்றோர் இருக்கிறார்கள், செய்தியாளர் இருக்கிறார். மூன்று மணிநேரம் நடந்துபோக வேண்டிய ஊரின் விரிசலைப் பட்டியலில் ஏற்ற யார் இருக்கிறார்கள்? கட்டடம் முக்கியமில்லை என்ற பேச்சு இந்த ஊர்களைப் பொறுத்தவரை ஆபத்தான பேச்சு.

நெல்லைச் சம்பவத்துக்குப் பிறகு தமிழ்நாடு அரசு ஆயிரக்கணக்கான பழைய பள்ளிக் கட்டடங்களை அடையாளம் கண்டு இடித்தது. பேராசிரியர் அன்பழகன் பெயரில் ஐந்தாண்டுகளில் சுமார் 7,000 கோடி ரூபாய்ச் செலவில் வகுப்பறைகள் கட்டும் திட்டத்தையும் அறிவித்தது. நல்ல திட்டம், கண்ணெதிரே பல ஊர்களில் வகுப்பறைகள் எழுந்திருக்கின்றன. ஆனால் இடிப்பது ஒரு வாரம், கட்டுவது ஆண்டுக்கணக்கு. அந்த இடைவெளி சமவெளியைவிட மலையில் நீளம். ஒப்பந்தக்காரர் வருவதில்லை என்பார்கள். வராததற்குக் காரணம் இருக்கிறது. லாரி போகாத இடத்துக்குக் கழுதையிலும் தலையிலும் சுமந்து ஏற்றும் செலவை மதிப்பீட்டில் முழுமையாகச் சேர்க்காமல் டெண்டர் விட்டால் எவர் எடுப்பார்? இங்கே மலைக்குத் தனி விகிதம் வேண்டும். சிமெண்ட் மூட்டையின் விலையோடு அது பள்ளி வாசலுக்கு வந்து சேரும் கூலியையும் உண்மையாக எழுதும் விகிதம். அப்படி எழுதினால் அங்கே கான்கிரீட்டைவிட இரும்புக் குழாய்ச் சட்டமும் நல்ல ஓடும் மலிவாகவும் பொருத்தமாகவும் இருக்கும் இடங்கள் நிறைய இருப்பது தெரியவரும். ஊருக்குள்ளேயே கொத்தனும் தச்சனும் இருக்கிறார்கள். சிறு பழுதுகளைப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாக அவர்களைக் கொண்டே செய்ய வைப்பதற்கு எந்தத் தொழில்நுட்பத் தடையும் இல்லை.

கடைசியாக வருவது வனத்துறை. காட்டு நிலம், அனுமதி கிடைக்காது என்று சொல்லிக் கோப்பை மூடிவிடுகிறார்கள். இருக்கிற கட்டடத்தின் கூரையை மாற்றப் புது நிலம் தேவையில்லை என்பது ஒருபுறம். புதிதாகவே கட்டவேண்டி வந்தாலும் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு அதற்கு வழி விட்டிருக்கிறது. ஒரு ஹெக்டேருக்கு உட்பட்ட வனநிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல், ஊர்ப் பொதுவசதிகளுக்கு ஒதுக்கலாம். அந்த வசதிகளின் பட்டியலில் முதலாவதாக இருப்பது பள்ளிக்கூடம். வேண்டியது கிராம சபையின் பரிந்துரையும் வனத்துறை அலுவலரின் ஒப்புதலும். பள்ளி பழங்குடியினர் நலத்துறையுடையதா ஊராட்சி ஒன்றியத்துடையதா, கட்டுவது தாட்கோ என்ற அரசு நிறுவனமா வேறு யாராவதா என்ற இழுபறியில் இந்தப் பிரிவை எடுத்துப் பயன்படுத்த ஆளில்லாமல் போகிறது. மாவட்ட ஆட்சியர் ஒருவர் எல்லாத் துறையினரையும் ஒரே மேசையில் உட்காரவைத்தால் தீர்ந்துவிடுகிற இழுபறி இது.

ஜனவரி 26 கிராம சபையில் தீர்மானம் போட்டு, பிப்ரவரிக்குள் பொறியாளர் மேலே ஏறிவந்து மதிப்பீடு எழுதி, மார்ச்சுக்குள் நிதி ஒதுக்கினால், பள்ளி காலியாக இருக்கும் மே மாதத்தில் கூரை வேலையை முடிக்கலாம். நீலகிரியிலும் வால்பாறையிலும் ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிடும். ஜவ்வாதிலும் கல்வராயனிலும் அக்டோபர் வரை கொஞ்சம் அவகாசம் இருக்கிறது. அந்தந்த மலையின் மழைக்காலத்தை வைத்து வேலை நாளைக் குறிக்க வேண்டும். ஊரில் எத்தனை பிள்ளைகள் என்ற கேள்வியை அதற்குப் பிறகு, எத்தனை பெஞ்சு வாங்க வேண்டும் என்று கணக்கிடும்போது கேட்டுக்கொள்ளலாம்.